ஆத்தாளைப் பார்த்து ஒரு குதிரை நிலை

முதலில் விழுந்தது பிலோமினாவின் கோப்பை. அடுத்தது என்னுடையது. அப்புறம் மளமளவென்று மற்றவர்களுடையதும்.

நுவரெலியாவில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். காலை நேரம், சன்னல் கண்ணாடிகளில் பனி வழிந்துகொண்டிருந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் ஆறு பேர் கறுப்புக் காற்சட்டை, வெள்ளைப் பனியனோடு வரிசையாக நின்றோம். கால்களை அகட்டி, முழங்கால்களை மடக்கி, குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி. சீனத்துக் குங்ஃபூவில் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். குதிரை நிலை என்று பெயர். குத்து, உதை, தடுப்பு எல்லாம் இது வந்த பிறகுதான்.

கொழும்பிலிருந்து வந்திருந்த பரீட்சகர் அம்மா எங்கள் தொடைகளின்மேல் ஆளுக்கு இரண்டு பிளாஸ்டிக் கோப்பைகளில் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டே போனார். ஊதுபத்தியில் ஒரு துண்டை ஒடித்துக் கொளுத்தி மேசை இடுக்கில் குத்தினார். அது எரிந்து முடியும்வரை கோப்பை விழக் கூடாது.

பத்தியின் சாம்பல் உதிரவே இல்லை, எங்கள் கோப்பைகள் உதிர்ந்துவிட்டன. அதிலும் ஒரு விசித்திரம். எல்லாருக்கும் இடது தொடைக் கோப்பைதான் விழுந்தது. வலது தொடையில் இருந்தது அப்படியே நின்றது.

பரீட்சகர் அம்மா தண்ணீரைத் தாண்டி வந்து எங்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பிறகு சிங்களத்தில் கேட்டார். "எல்லாரும் ஒரே மாதிரி வலப்பக்கம் சாஞ்சு நிக்கிறீங்களே, யார் இப்படிச் சொல்லிக்கொடுத்தது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் நேராகத்தான் நின்றேன். சத்தியமாக நேராகத்தான் நின்றேன்.

இந்தத் தொடரில் என் முழங்கால் வலியைப் பற்றிப் புலம்பாத வாரம் இல்லை. வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த வலியில் பாதி கொழுந்து மலை கொடுத்தது. மீதி சீனாக்காரன் கொடுத்தது. இந்த வாரம் மீதிப் பாதியின் கதை.

யாரை அடிக்க?

சில வருடங்களுக்கு முன்னால் பெண்கள் நலச் சங்கம் ஒன்று எங்கள் தோட்டத்துக்கு வந்தது. தற்காப்புப் பயிற்சி என்று சொல்லி கினிகத்தேனையிலிருந்து சுனில் மாஸ்டரைக் கூட்டி வந்தார்கள். அவருக்கு அங்கே டயர் கடை. இளவயதில் கண்டியில் யாரிடமோ முறையாகக் கற்றவர். சங்கம் கொஞ்ச நாளில் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டது. மாஸ்டர் போகவில்லை. மழை விட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டே இருந்தார். நாங்கள் கொடுத்தது ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும்தான்.

வாய்விட்டுச் சிரிக்காதவர்கள் எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இல்லை. என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்துகொண்டு, "நாப்பத்தெட்டு வயசுல கராட்டி கத்துக்கிட்டு யாரடி அடிக்கப் போற, அட்டையவா?" என்றார்.

"இது கராட்டி இல்ல, குங்ஃபூ. மொத அடி ஒங்களுக்குத்தான், சும்மா இருங்க" என்றேன். அதற்கு அப்புறம் கொஞ்ச நாள் சும்மா இருந்தார்.

படங்களில் பார்த்த மாதிரி பறந்து பறந்து உதைக்கலாம் என்று வந்த பொம்பளைகள் முதல் மாதத்திலேயே கழன்றுகொண்டார்கள். ஏனென்றால் மாஸ்டர் பறக்க விடவே இல்லை. நிற்கத்தான் விட்டார். குத்து என்றால் முஷ்டி இடுப்பில் உள்ளங்கை மேலே பார்த்தபடி தொடங்கி, போய்ச் சேருகிற இடத்தில் கவிழ வேண்டும். அதைக் கற்பதற்கே எத்தனையோ வாரம். சலித்துப் போனது. ஆனால் வேலை முடிந்து வந்து, அடுப்பை மூட்டுவதற்கு முன்னால், யாருக்கும் எதுவும் செய்யாமல் சும்மா நிற்கிற கொஞ்ச நேரம் எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் காரணம். பெரிதாக வேறொன்றும் இல்லை.

வில் நிலை என்று ஒன்று உண்டு. முன்கால் மடங்கி, பின்கால் நீண்டு நிற்க வேண்டும். அது எங்களுக்குப் பாடமே இல்லை. மலையில் கொழுந்து எடுக்கிறவள் நாள் முழுக்க அப்படித்தான் நிற்கிறாள். பூனை நிலையில் பாரத்தையெல்லாம் பின்காலில் வைத்து, முன்கால் நுனியால் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். பாசி பிடித்த கல்லில் கால் வைக்கலாமா என்று பார்க்கிறவளுக்கு அதையும் சொல்லித் தர வேண்டியதில்லை.

குதிரை நிலைதான் கொன்றது. இரண்டு காலிலும் சரிபாதி பாரம். சரிபாதியாக நிற்க எங்கள் மலையில் இடம் ஏது? குதிரையையே நான் நுவரெலியா பந்தயத் திடலில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி.

முதுகு காட்டக் கூடாது

நாங்கள் பழகியது பெரட்டுக் களத்தில். காலையில் எங்களை வரிசையாக நிறுத்தி, யார் யாருக்கு எந்த மலை என்று வேலை பிரிக்கிற இடம் அது. சாயங்காலம் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்தால் வெறிச்சோடிக் கிடக்கும். அதன் ஓரத்தில் மாரியம்மன் கோயில்.

முதல் நாள் மாஸ்டர் எங்களைக் கோயிலுக்கு முதுகு காட்டி நிறுத்தினார். ஒருத்தியும் நிற்கவில்லை.

"என்ன அக்கா, ஏன் திரும்புறது?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"ஆத்தாளுக்கு முதுகு காட்டக் கூடாதுங்க மாஸ்டர்" என்றாள் பரமேசு. அவள் என் வீட்டுக்காரரின் தங்கை, என் நாத்தனார்.

"ஹரி, ஹரி. அப்ப முகம் காட்டுங்க" என்றார் அவர். சிங்களத்தில் ஹரி என்றால் சரி. புத்தருக்கும் முதுகு காட்டக் கூடாது, அதனால் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து நாங்கள் ஆத்தாளைப் பார்த்தே நின்றோம். உதை பழகும்போது சிக்கல் வந்தது. சாமியைப் பார்த்துக் காலைத் தூக்கலாமா? பூசாரி முறைத்தார். அதனால் உதைக்கு மட்டும் பக்கவாட்டில் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொள்வோம். உதைத்து முடித்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுபடி கோயிலைப் பார்த்துக் குதிரை நிலை. பிலோமினா வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். அவளும் எங்களோடு சேர்ந்து திரும்புவாள். "எனக்கு எந்தப் பக்கம் பாத்தாலும் குளிருதுதான்" என்பாள்.

மாஸ்டர் இல்லாத நாட்களில் அவர் போனில் அனுப்பிய வீடியோவைப் பார்த்துக்கொண்டு நாங்களே பழகினோம். மழையிலும் பனியிலும் அதே களம், அதே திசை, வருடக் கணக்காக.

பரமேசின் தோள்

பரமேசைப் பற்றிச் சொல்லாமல் பரீட்சைக்குப் போக முடியாது. அவள் புருஷன் செத்து ரொம்ப நாளாகிறது. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு எங்கள் லயத்தில் கடைசிக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், தனியாக இருந்தாள். நானும் அவளும் பதினெட்டு வயதிலிருந்தே பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். நிரை என்பது தேயிலைச் செடிகளின் வரிசை, ஆளுக்கு ஒன்று. என் வீட்டுக்காரரோடு பேசியதைவிட அவளோடு செடிக்கு மேலாகப் பேசியதுதான் அதிகம்.

அவளுடைய வலது தோள் போய்விட்டது. கையைத் தலைக்கு மேலே தூக்கினால் கடகடவென்று சத்தம் கேட்கும். பாரம் சுமக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். கொழுந்துக் கூடை சுமக்காமல் தோட்டத்தில் என்ன வேலை இருக்கிறது? வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு மலைக்கு வந்தாள்.

அப்போதுதான் ஹட்டனில் ஒரு தனியார் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குத் தற்காப்புக் கலை சொல்லித்தர உதவி ஆள் தேடுகிறார்கள் என்று மாஸ்டர் சேதி கொண்டுவந்தார். பரமேசைக் கூட்டிப் போய்க் காட்டினார். தலைமையாசிரியைக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஆனால் தர நிலைச் சான்றிதழ் இருந்தால்தான் எடுக்க முடியும், அடுத்த படிப்புத் தவணை தொடங்குவதற்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டார். பரீட்சை வருடத்துக்கு ஒருமுறை. இதை விட்டால் இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

நாங்கள் ஐந்து பேரும் அவளுக்குத் துணையாகத்தான் பரீட்சைக்குப் பேர் கொடுத்தோம். தலவாக்கலையில் ரயிலேறி நானுஓயாவில் இறங்கி வேன் பிடித்தோம். வழியெல்லாம் பரமேசு தோளைப் பிடித்தபடி சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, இது கெடைக்கலன்னா நான் இன்னும் எத்தன நாளைக்குக் கூடை தூக்குவேன்?" என்று மட்டும் நானுஓயாவில் இறங்கும்போது கேட்டாள். அவள் பையையும் நானே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

பின்பக்கத்து முற்றம்

கோப்பைகள் விழுந்த பிறகு மற்றதையும் செய்து காட்டினோம். குத்து பரவாயில்லை என்றார் பரீட்சகர் அம்மா. உதை நன்றாக இருக்கிறது என்றார். குதிரை நிலை கோணலாக இருக்கும்போது வேறெது நன்றாக இருந்தும் புண்ணியமில்லை, அடுத்த வருடம் வாருங்கள் என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாஸ்டர் போய்க் கெஞ்சினார். மற்ற ஊர்க்காரர்கள் முடிந்ததும், கடைசியாக, விருப்பப்பட்டவர்கள் ஒரே ஒரு தடவை நின்று காட்டலாம் என்று அந்த அம்மா இறங்கி வந்தார்.

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு முற்றம். கட்டி வந்த ரொட்டியைப் பிரித்தோம். பரமேசு சாப்பிடாமல் எழுந்துபோய்க் குதிரை நிலையில் நின்றாள். நாங்கள் குடித்து முடித்த கோப்பைகளில் பிலோமினா தண்ணீர் பிடித்து அவள் தொடைகளில் வைத்தாள்.

கோப்பை விழவில்லை. இரண்டும் அப்படியே நின்றன.

"இப்ப மட்டும் எப்படி நிக்குது?" என்றாள் பிலோமினா.

"காத்தோட்டமா இருக்குல்ல" என்றாள் இன்னொருத்தி. கோப்பைக்கு எதற்குக் காற்றோட்டம் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

கோப்பைகளை எடுக்கச் சொல்லிவிட்டு, பரமேசு மெல்லத் திரும்பி மறுபக்கம் பார்த்து நின்றாள். மறுபடி வைத்த வேகத்தில் இடது கோப்பை சரிந்தது.

நான் தரையைப் பார்த்தேன். தண்ணீர் ஓடிய பக்கத்தைப் பார்த்தேன். மழைத்தண்ணீர் வடிய அந்த முற்றத்தைச் சற்றுச் சரிவாகப் போட்டிருந்தார்கள், எங்கள் பெரட்டுக் களத்தைப் போலவே. மழைத்தண்ணீர் ஓடும் கான் பக்கமாகச் சரிகிற அந்தக் களத்தில் ஆத்தாளைப் பார்த்து நின்றால் வலது கால் மேட்டில் இருக்கும், இடது கால் பள்ளத்தில் இருக்கும். நேராக நிற்க வேண்டுமென்றால் வலது முழங்காலை அதிகமாக மடக்க வேண்டும், இடதைக் குறைவாக மடக்க வேண்டும். வருடக் கணக்காக அப்படி மடக்கி மடக்கி அதுவே எங்கள் உடம்பாகிவிட்டது. சமதரையில் கொண்டுவந்து விட்டாலும் கால் அந்த மேட்டையும் பள்ளத்தையும் தேடுகிறது.

நான் சொன்னதும் மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். "நானும் ஒங்களுக்கு முன்னால அதே சரிவுலதானே அக்கா நின்னேன். எனக்கு எப்படித் தெரியும்" என்றார்.

பரீட்சகர் அம்மாவிடம் போய்ச் சொல்லலாமா என்று ஒருத்தி கேட்டாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் விஷயத்தில் கூடம் உண்மையிலேயே கோணல்தான். ஆனாலும் அதை யாரிடம் போய்ச் சொல்வது? நம்புவார்களா?

மற்றவர்கள் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சால்வையைப் போர்த்திக்கொண்டார்கள். எனக்கும் முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. பரமேசு மட்டும் நடைபாதையின் சமதரையைத் தேடிப் போய் நின்றாள். நான் முன்னால் நின்று அவள் தோள்களைப் பிடித்து நிமிர்த்தினேன்.

"போதும் அண்ணி, விழுந்துருவேன்."

"விழ மாட்ட. இப்பத்தான் நேரா இருக்க."

"நேரா இல்ல. சாஞ்சு கெடக்கேன். அந்தப் பக்கம் பள்ளம் அண்ணி."

"பள்ளம் இல்ல பரமேசு. சிமெண்டுத் தரை. குனிஞ்சு பாரு."

குனிந்து பார்த்தாள். தரை சமமாகத்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை. நான் கையை எடுத்ததும் மறுபடி வலப்பக்கம் சரிந்தாள். மறுபடி நிமிர்த்தினேன்.  மதியம் முழுக்க இதே வேலை. கடைசியில் நான் சோர்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்துவிட்டேன்.

"நீ நேரா நிக்கணும்னு பாக்காத. விழப் போறோம்னு எங்க தோணுதோ, அங்க நில்லு" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. அலுப்பில் வந்தது.

சாயங்காலம் அவளைக் கூப்பிட்டார்கள். பத்தித் துண்டு எரியத் தொடங்கியது. கோப்பைகளை வைத்தார்கள். எதிர்ச் சுவரோரம் நான் நின்றேன். அவள் கண் என்னைவிட்டு நகரவில்லை. முகம் வெளுத்திருந்தது, உதட்டைக் கடித்திருந்தாள். ஒரு பெண்பிள்ளை பாறை விளிம்பில் நிற்கும்போது முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியும், அவள் அந்த நேரம் முழுக்க விழுந்துகொண்டே இருந்தாள் என்று.

கோப்பை விழக் கூடாது என்று ஆத்தாளை வேண்டினேன். விழாவிட்டால் இவள் என்னை விட்டுப் போய்விடுவாள் என்று தெரிந்தேதான் வேண்டினேன்.

பத்தி அணைந்தது. பரீட்சகர் அம்மா இரண்டு கோப்பைகளையும் தன் கையாலேயே எடுத்து மேசையில் வைத்தார். "பாஸ்" என்றார். பரமேசு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பக்கத்து நிரை

தவணை தொடங்கிய திங்கட்கிழமை விடியற்காலை. பரமேசு வெளுத்த நீலச் சேலை கட்டி, காற்சட்டையையும் பனியனையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். நாங்கள் பெரட்டுக்குக் கிளம்பினோம். களம்வரை ஒரே பாதை. அங்கிருந்து அவள் பஸ்ஸுக்கு, நாங்கள் மலைக்கு.

"போய்ட்டு வர்றேன் அண்ணி."

"தோளப் பாத்துக்க. புள்ளைகளுக்குச் சமதரையில சொல்லிக்குடு."

சிரித்தாள். பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டாள்.

கங்காணி வேலை பிரித்தார். ஒவ்வொருத்திக்கும் நிரை சொல்லிக்கொண்டே வந்தவர் என் பக்கத்தில் வந்ததும் நின்றார்.

"பரமேசு நெரைய யாருக்குக் குடுக்குறது?"

 அந்த நிரையில் வேறொருத்தி நின்று, செடிக்கு மேலாகத் தலையை நீட்டி என்னிடம் ஊர்க்கதை பேசுவதை நினைத்துப் பார்த்தேன். முடியாது என்று தோன்றியது. வீம்புதான், வேறொன்றுமில்லை.

"இன்னைக்கு நான் எடுத்துக்குறேங்க" என்றேன்.

"ரெண்டு நெரையா? ஒன் முட்டியப் பாத்தியா நீ?"

"இன்னைக்கு மட்டுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அடுத்தவளுக்குப் போனார்.

மலையில் நல்ல பனி. என் நிரையில் பத்துச் செடி எடுப்பேன், பிறகு திரும்பி வந்து அவள் நிரையில் பத்துச் செடி. கூடை சீக்கிரம் கனத்தது. அவளுக்கு வேலை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அன்று பூராவும் அழுகை வந்துகொண்டே இருந்தது. மத்தியானத்துக்கு மேல் பழக்க தோஷத்தில், "ஏ பரமேசு, மழை வரும் போல" என்று பக்கத்து நிரையைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

பதில் சொல்ல ஆளில்லை. கூடையைச் சரிசெய்துகொண்டு நான்தான் அந்த நிரைக்கும் போனேன்.